எனக்குக் கேட்டது, நான் கேட்டேன்: இறையழைப்பின் மொழி

பல ஆண்டுகளுக்கு முன் வேற்றுமை இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருவர் ஒரு வினா எழுப்பினார். 'நான் அந்த ஓசையைக் கேட்டேன்', 'எனக்கு அந்த ஓசை கேட்டது' ஆகிய இரண்டும் ஒரே பொருள் தருவனவா என்பது வினா. முதல் தொடரில் 'நான்' எழுவாய்; இரண்டாவதில் ஓசையே எழுவாய், நானோ நான்காம் வேற்றுமை ஏற்று ஒதுங்கி நிற்கிறேன் என்று விளக்கினேன். அவர் அமரவில்லை. "அப்படியானால், கடவுள் தம்மிடம் பேசினார் என்று சொல்பவர் இவற்றுள் எந்தத் தொடரைச் சொல்ல வேண்டும், ஐயா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. இவ்வுரையைக் காலங்கடந்து அவருக்குத் தரும் விடையாகக் கொள்ளலாம்.

கடவுள் பேசினாரா என்பதை மொழியியல் தீர்மானிக்க இயலாது. அதற்குரிய கருவி அதனிடம் இல்லை. ஆனால் 'இறைவனை எதிர்கொண்டேன், அன்றுமுதல் என் வாழ்வு திசைமாறியது' என்று கூறுவோர் அதனை எவ்வகைச் சொற்களால் கூறுகின்றனர் என்பதை ஆராயலாம். அந்தத் திசைமாற்றம் பின்னர் என்ன செயலாக விளைந்தது என்பதையும் வரலாற்றில் காணலாம். கிறித்தவ மரபிலிருந்து இரண்டு வாழ்வுகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று முதல் நூற்றாண்டுப் பவுலின் வாழ்வு. மற்றொன்று, நம் மொழி வழங்கும் நிலத்திலேயே, திண்டிவனத்தில் ஓர் இரவில் திசைமாறிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வு.

முதலில் அந்த 'எனக்கு' என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் புரிகிறது என்கிறோம். இவை நாம் முயன்று செய்யும் செயல்கள் ஆகா, நம்மிடத்து நேர்வன. அனுபவிப்பவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்தும் இவ்வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றிலும், வட இந்திய மொழிகள் பலவற்றிலும் இது உண்டு. நான்காம் வேற்றுமைக்கு நன்னூலார் கூறும் பொருள்களுள் முதலாவது கொடை என்பதை மாணவர் அறிவர். 'எனக்குக் கேட்டது' என்னும் தொடரிலும் அக்கொடைப் பொருளின் சாயல் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஓசை எனக்கு வந்து சேர்ந்தது. நான் அதனைத் தேடிப் போகவில்லை.

இவ்வகைத் தொடருக்கு ஏவல் வடிவம் கிடையாது. 'பாட்டைக் கேள்' என ஏவலாம். 'பாட்டு உனக்குக் கேட்கட்டும்' என்று வாழ்த்தலாமே தவிர அதனை ஒருவர்க்குக் கட்டளையாக இடமுடியாது. 'சாப்பிடு' என்பதற்கு நேராகப் பசியை ஏவ முடியாதது போன்றதே இது.

'கேள்' என்னும் வினையின் பொருட்பரப்பும் நம் பொருளுக்கு உரியது. செவியால் உணர்தல், வினவுதல், சொற்படி நடத்தல் ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கும். 'சொன்னால் கேட்கமாட்டான்' என்று ஒரு தாய் தன் மகனைக் குறை கூறும்போது அவன் செவிடன் என்பது பொருளன்று. கேட்டலையும் கீழ்ப்படிதலையும் ஒரு சொல்லில் பிணைக்கும் இவ்வியல்பு வேறு மொழிகளிலும் காணப்படுகிறது. எபிரேயத்தில் 'ஷமா' என்னும் வினை இவ்விரு பொருளும் தரும். கிரேக்கத்தில் கேட்டலைக் குறிக்கும் 'அகூஓ' என்னும் வினையிலிருந்தே கீழ்ப்படிதலைக் குறிக்கும் 'ஹுபகூஓ' பிறந்தது. இலத்தீனில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் வினையும் செவியுறுதலைக் குறிக்கும் வினையிலிருந்து தோன்றியதே. விவிலியத்தில் சிறுவன் சாமுவேலின் கதையை இவ்விடத்து நினைவுகூரலாம். இரவில் தன்னை யாரோ பெயர்சொல்லி அழைப்பது அவனுக்குக் கேட்கிறது. மும்முறையும் முதிய குருவாகிய ஏலியே அழைத்தார் என்று எண்ணி அவரிடம் ஓடுகிறான். அழைப்பவர் யார் என்பதை ஏலி உணர்ந்து சொல்லிக்கொடுத்த பிறகே, நான்காம் முறை, தான் கேட்பதாக விடையிறுக்கிறான். ஓசை நான்கு முறையும் கேட்டது. அவன் கேட்டது நான்காம் முறை. தமிழில் இவ்வேறுபாட்டை ஒரே வினையால் இத்தனை எளிதாகச் சொல்லிவிட முடிகிறது.

இனிப் பவுலின் நிகழ்ச்சிக்கு வருவோம். கிறித்துவின் வழியைப் பின்பற்றியோரைச் சிறைப்பிடிக்க அதிகாரக் கடிதங்களுடன் தமஸ்கு நகருக்குச் சென்றுகொண்டிருந்த சவுல், வழியில் ஓர் ஒளியால் சூழப்பட்டு வீழ்ந்தார். ஒரு குரலைக் கேட்டார். மூன்று நாள் பார்வையின்றி இருந்தார். அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூல் இதனை ஒருமுறையன்று, மூன்றுமுறை கூறுகிறது. ஒன்பதாம் அதிகாரத்தில் நூலாசிரியர் கூற்றாக வருகிறது. இருபத்திரண்டாம் அதிகாரத்தில் பவுல் எருசலேம் மக்கள்முன் கூறுகிறார். இருபத்தாறாம் அதிகாரத்தில் அகரிப்பா மன்னன்முன் கூறுகிறார்.

மூன்றும் ஒன்றுபோல் இல்லை. உடன்சென்றோர் குரலைக் கேட்டனர், எவரையும் காணவில்லை என்கிறது ஒன்பதாம் அதிகாரம். அவர்கள் ஒளியைக் கண்டனர், குரலைக் கேட்கவில்லை என்கிறது இருபத்திரண்டாம் அதிகாரம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் 'கேள்' என்னும் ஒரே வினையை ஆள்வதால் முரண் வெளிப்படையாகவே தெரிகிறது. கிரேக்க இலக்கணம் கற்றோர் இதற்கு ஒரு சமாதானம் சொல்வதுண்டு. கேட்டல் வினை ஆறாம் வேற்றுமையைக் கொண்டால் ஓசை செவியில் விழுந்தது என்றும், இரண்டாம் வேற்றுமையைக் கொண்டால் பொருள் விளங்கியது என்றும் அவர்கள் கொள்வர். உடன்சென்றோர்க்கு ஓசை கேட்டது, சொல் விளங்கவில்லை என்று முடிப்பர். நம் 'எனக்குக் கேட்டது', 'நான் கேட்டேன்' இரண்டுக்கும் நெருங்கிவரும் விளக்கம் ஆதலால் இளமையில் எனக்கு இது மிகவும் உவப்பாக இருந்தது. ஆனால் அதே நூலாசிரியர் பவுல் தாமே குரலைக் கேட்டு விளங்கிக்கொண்டதை ஒன்பதாம் அதிகாரத்தில் இரண்டாம் வேற்றுமையாலும், இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஆறாம் வேற்றுமையாலும் குறிக்கிறார். எனவே இவ்விதி இந்நூலில் உறுதியாக நிற்கவில்லை. நமக்குப் பிடித்த விளக்கம் என்பதற்காகச் சான்றை வளைத்தல் ஆகாது.

இருபத்தாறாம் அதிகாரத்தில் வேறொரு மாற்றம். முதல் இரண்டு கூற்றுகளிலும் பவுலிடம் வந்து அவர் கண்களைத் திறக்கும் அனனியா என்பவர் இங்கே முற்றிலும் மறைந்துவிடுகிறார். பணிக்கட்டளை முழுவதும் வழியிலேயே நேரடியாக வழங்கப்படுகிறது. தாற்றுக்கோலை உதைக்கும் மாடு தன்னையே வருத்திக்கொள்ளும் என்னும் கருத்துடைய பழமொழியும் இங்கே மட்டும் சேர்கிறது. அது கிரேக்கர் நன்கறிந்த பழமொழி. குரல் எபிரேய மொழியில் பேசியதாகக் கூறும் அதே இடத்தில் அது வருவது சுவையானது. கேட்போர் அவையை அறிந்து கதை சுருங்கியும் விரிந்தும் செல்கிறது. வாழ்வின் திருப்பத்தை நினைவுகூரும் எவரும் அதனை ஒரே வாய்பாட்டில் திரும்பத் திரும்பச் சொல்வதில்லை என்பதை நாம் நம் வீட்டுப் பெரியோரிடமே கண்டிருக்கிறோம்.

பவுல் தாமே தந்த கடிதங்களோ மிகச் சிக்கனமானவை. ஒளியையும் வீழ்ச்சியையும் அவர் அவற்றில் விரித்துரைக்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் பதினைந்தாம் அதிகாரத்தில் அவர் ஆளும் கிரேக்கத் தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'எனக்கும் தோன்றினார்' என வரும். அங்கே நிற்பது நான்காம் வேற்றுமை. அதே மடலின் ஒன்பதாம் அதிகாரத்தில், தம் தகுதியை ஐயுற்றோரை நோக்கி, ஆண்டவரை நான் காணவில்லையா என்று தம்மை எழுவாயாக்கி வினவுகிறார். ஒரே மனிதர், ஒரே மடல், ஒரே நிகழ்ச்சி. இரு தொடர்களையும் ஆள்கிறார். பெற்றதைச் சொல்லும்போது 'எனக்கு' என்கிறார். அதற்குப் பொறுப்பேற்று நிற்கும்போது 'நான்' என்கிறார். என் மாணவியின் வினாவுக்கு நான் கண்ட முதல் விடை இதுவே.

பவுல் சமயம் மாறினார் என்று பொதுவாகக் கூறுவர். சுவீடன் நாட்டு விவிலிய அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் இக்கருத்தை மறுத்தார். பவுல் ஒரு கடவுளை விட்டு இன்னொரு கடவுளிடம் போகவில்லை. தம்மைப் பற்றிக் கலாத்தியருக்கு எழுதுகையில் பழைய இறைவாக்கினர் தம் அழைப்பைச் சொன்ன முறையிலேயே சொல்கிறார். ஆகவே அது மாற்றத்தைவிட அழைப்பே என்பது அவர் வாதம். இதனை நான் ஏற்கிறேன். அதே கலாத்தியர் மடலில், அந்நிகழ்ச்சிக்குப்பின் அரேபியாவுக்குப் போனதையும், தமஸ்குவுக்குத் திரும்பியதையும், மூன்று ஆண்டுகள் கழித்தே எருசலேம் சென்றதையும், பதினான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் அங்கே போனதையும் அவர் கணக்கிடுகிறார். ஒரு நொடியில் திரும்பிய திசையில் நடந்துசெல்ல ஆண்டுகள் பல தேவைப்பட்டன.

இரண்டாம் வாழ்வில் ஒளியும் இல்லை, விண்ணிலிருந்து குரலும் இல்லை. ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கை வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியாற்றிப் பின் சென்னைக்கு வந்தவர். தந்தையாரும் மருத்துவர், மிஷனரி. குழந்தைப் பருவத்தில் கொடும்பஞ்சத்தைக் கண்ட ஐடாவுக்கு அவ்வாழ்வில் விருப்பமில்லை. அமெரிக்காவில் கல்வி பயின்ற அவர் 1890இல் திண்டிவனத்துக்கு வந்தது நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்வதற்காகவே. மிஷனரி ஆகமாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். திரும்பிப் போய் மணம்புரிந்து வாழ்வதே அவர் எண்ணம்.

ஓர் இரவு அந்தணர் ஒருவர் வந்தார். அவருடைய இளம் மனைவி பேறுகாலத்தில் துன்புற்றுக்கொண்டிருந்தாள். ஐடா வரவேண்டும் என வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார் வருவார் என்றார் ஐடா. வேற்று ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பது ஆகாது என்று கூறி அவர் போய்விட்டார். அடுத்து முஸ்லிம் ஒருவர் அதே வேண்டுகோளோடு வந்தார். அதே விடை, அதே மறுப்பு. மூன்றாவதாக மற்றோர் இந்து வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார். தந்தையுடன் தாமும் துணையாக வருவதாக ஐடா சொன்னதும் பயன்படவில்லை. விடியற்காலையில் சாவுப்பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்று பணியாள் வந்து சொன்னார். நீண்டநேரம் தனித்திருந்து வெளிவந்த ஐடா, அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, இந்நாட்டுப் பெண்களுக்குப் பணியாற்றத் திரும்பிவரப் போவதாகப் பெற்றோரிடம் கூறினார். அவ்விரவில் தம்மைச் சந்தித்தவர் கடவுளே என்பது வாழ்நாள் முழுவதும் அவர் கொண்டிருந்த உறுதி.

இக்கதையில் 'அழைப்பு' என்னும் சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். இன்று தமிழ்க் கிறித்தவ வழக்கில் அது ஒரு கலைச்சொல். 'அவருக்கு அழைப்பு உண்டு' என்றாலே இறைப்பணிக்கான அழைப்பு எனப் பொருள்படும். அன்றிரவு அந்த மூவரும் வந்ததோ, நாம் அன்றாடம் சொல்லும் பொருளில், ஒருவரை வீட்டுக்கு அழைத்துப்போக. அதனை விண்ணக அழைப்பாகப் பொருள்கொண்டவர் ஐடா. சாமுவேலுக்கு ஏலி அழைப்பதாகத் தோன்றியது இறைவன் அழைத்ததாயிற்று. ஐடாவுக்கு மூன்று கணவர்கள் அழைத்தது இறைவன் அழைத்ததாயிற்று. இவ்வொப்புமையை அவருடைய வாழ்க்கைக் கதையைச் சொல்வோர் விரும்பி எடுத்தாளக்கூடும். மும்முறை என்பது கதைக்கு இயல்பாகவே அழகு தருவது. ஆனால் அழகு கருதி இறந்த மூவரை மறந்துவிடலாகாது. அவர்கள் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

ஐடாவின் விடை எத்தகையது என்பதும் எண்ணத்தக்கது. அக்கணவர்களின் மனத்தை மாற்றிவிட்டு மருத்துவம் செய்ய அவர் காத்திருக்கவில்லை. ஆடவர் நுழைய இயலாத அறைக்குள் நுழையக்கூடிய மருத்துவர் தேவை என்பதே அவர் செவியில் விழுந்த செய்தி. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் அணியில் அங்கே பயின்றோருள் ஒருவர் அவர். 1900இல் வேலூரில் பெற்றோர் வாழ்ந்த பங்களாவின் சிற்றறை ஒன்றில் மருத்துவம் தொடங்கினார். அவ்வாண்டே தந்தையாரும் காலமானார். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. தாம் ஒருவரே எத்தனை வீடுகளுக்குச் செல்ல முடியும் என்ற கணக்கு அவரை அடுத்த படிக்குத் தள்ளியது: 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

சமயத் திருப்பக் கதைகள் பெரும்பாலும் திருப்பத்தோடு முடிந்துவிடுகின்றன. எனக்கோ அதன்பின் வரும் சலிப்பான பகுதிதான் பெரிதாகத் தோன்றுகிறது: உடற்கூற்றியல் பாடம், நன்கொடைக்கு அலைதல், தேர்வு, கட்டடம், அரசு விதிகள். மருத்துவப் பட்டப்படிப்பு நடத்தும் தகுதியைக் கல்லூரி 1942இல் பெற்றபோது ஐடாவுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 1947இல் ஆடவர்க்கும் இடமளித்து அது இருபாலர் கல்லூரியாயிற்று.

திண்டிவனமும் திருவெண்ணெய்நல்லூரும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்கள். பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தை அறிந்த தமிழ் மாணவர்க்கு ஓர் ஒப்புமை தானே தோன்றும். சுந்தரரின் திருமண நாளில் ஆளோலையோடு முதியவராய் வந்த இறைவன், நீ எனக்கு அடிமை என வழக்காடி வெண்ணெய்நல்லூருக்கு அழைத்துச் செல்கிறான். எண்ணியிருந்த மணவாழ்வு தடைபடுகிறது. பாடுதல் என்னும் குறிப்பிட்ட பணி ஒப்படைக்கப்படுகிறது. இரு சமயங்களையும் ஒன்றெனக் காட்டுவது என் நோக்கமன்று. கொள்கை வேறு, காலம் வேறு. 'தடுத்து ஆட்கொள்ளல்' என்னும் சொல்லாட்சி தமிழில் முன்பே இருந்ததனால், இத்தகைய நிகழ்ச்சியைக் கேட்கும் தமிழ்ச் செவிக்கு அது அயலாகப் படுவதில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

அவ்வாறு ஆட்கொள்ளப்பட்டோர் செய்வதைத் தமிழ்ச் சைவம் தொண்டு என்றது. கத்தோலிக்கர் பணி, அருள்பணி என்றனர். சீர்திருத்தத் திருச்சபையாரிடம் நிலைபெற்ற சொல் ஊழியம். பவுல் தம்மைக் கிறித்துவின் அடிமை எனக் கூறும் கிரேக்கச் சொல்லும், அகரிப்பாமுன் அவர் கூறும் ஏவலாளன் என்னும் பொருளுடைய வேறொரு கிரேக்கச் சொல்லும் பழைய தமிழ் விவிலியத்தில் ஊழியக்காரன் என்றே ஆயின. இச்சொல்லின் வரலாறு இனிமையானதன்று. திருவிதாங்கூரில் ஊழியம் என்பது ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய வேலை. ஒல்லாந்தர் ஆண்ட இலங்கையிலும் சோனகர், செட்டிகள் ஆகியோர்மீது சுமத்தப்பட்ட கட்டாயப் பணிக்கு அதுவே பெயர். மறுக்க உரிமையில்லாத ஏழைகளின் முதுகில் இருந்த சொல்லை, மறுக்க முழு உரிமை இருந்தும் மறுக்காதோரின் செயலுக்குப் பெயராக்கினர். கிரேக்கத்தில் அடிமையைக் குறிக்கும் சொல்லுக்குப் பவுல் செய்ததும் இதுவே.

நம் நாட்டில் இச்சொல் மேலும் ஒரு படி சென்றுள்ளது. நான் வளர்ந்த தோட்டத்தில் ஊழியம் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சொல். சிற்றாலயத்தில் மட்டும் கேட்கும். பிற்காலத்தில் சேமநிதிப் படிவத்திலும் செய்தித்தாளிலும் ஊழியர் என்னும் சொல் சம்பளம் பெறுவோர் அனைவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. 'அவர் முழுநேர ஊழியர்' என்னும் தொடரைக் கோவிலிலும் அலுவலகத்திலும் சொல்லிப் பார்த்து, பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதை மாணவரைக்கொண்டு எழுதச் செய்யலாம். சொற்பொருள் மாற்றத்திற்கு இதனினும் நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஐடா அம்மையார் 1960இல் கொடைக்கானலில் காலமானார். அவர் செய்த ஊழியம் எத்தகையது என்று கேட்டால், கல்லூரிக் கட்டடத்தைவிட வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையையே நான் சுட்டுவேன். வாரந்தோறும் அவருடைய ஊர்தி அவ்வழியே சென்றது. மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர்ப் பெண்களும் குழந்தைகளும் புண்ணோடும் காய்ச்சலோடும் சாலையோர மரங்களின் கீழ்க் காத்திருப்பார்கள். அங்கேயே நிறுத்தி, அங்கேயே மருந்திட்டு, அடுத்த மரத்தடிக்குச் செல்வார்.